நான்கு சில்லுகளையும் எண்ணிக் காட்டிய சரோ அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குள் நுழைந்தபோது சரோ அக்காவின் மகள் அழைத்தாள். என்னோடு எப்போதும் டேனிஷில் கதைக்கிற பிள்ளை, அன்று தமிழில் சொன்னாள்: “அம்மா போயிட்டா, அன்ரி. நித்திரையிலேயே.”

பதினாறு ஆண்டுகள் நானும் அக்காவும் அங்கே ஒரே தளத்தில் வேலை செய்தோம். அவருடைய தேவாரக் குரலையும் மீன்குழம்பையும் அவரை நினைக்கக் கூடியிருக்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஒரு திரைப்படத்தோடு அவர் சண்டை போட்டு வென்றதைப் பலர் அறியமாட்டீர்கள்.

எங்கள் தளத்தில் ஜூலியோ என்றொரு வயதான இத்தாலியர் வசித்தார். இளமையில் இத்தாலியில் ஒரு பந்தயக் கார் நிறுவனத்தில் மெக்கானிக். டேனிஷ்காரி ஒருவரை மணந்து இங்கே வந்தவர். அந்த நிறுவன முதலாளியின் வாழ்க்கை படமாக வந்தபோது, வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் மண்டபத்தில் போட்டோம். ஜூலியோ கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

படத்தில் அவருடைய பெயரிலேயே ஒரு மெக்கானிக் வந்தான். குடித்துவிட்டு, காரின் சக்கரங்களில் ஒரு சில்லின் நட்டை இறுக்காமல் விட்டான். பந்தயத்தின் நடுவே சில்லு கழன்று, சாரதி இறந்துபோனான். ஜூலியோவின் பக்கத்தில் இருந்த அம்மையார் தன் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மூன்று நாள் அவர் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. “மனச்சாட்சி உறுத்துது போல” என்று நான்தான் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். “ஒருத்தரைப் பற்றி ஆர் என்ன சொன்னாலும், முதல் அவரிட்டக் கேக்கவேணும்” என்றார். போய்க் கேட்டார்.

“அன்று நான் நன்றாக இறுக்கினேன். சில்லின் ரயர்தான் வெடித்தது” என்றார் ஜூலியோ. “விசாரித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். இப்போது யார் நம்புவார்கள்?”

கார் ஓட்டவே தெரியாத அக்கா, வீட்டில் அந்தப் படத்தை நான்கு தரம் பார்த்தார். பிறகு என்னை அழைத்தார். “கடைசியில பேர் ஓடேக்க பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒண்டு காட்டுறாங்கள், பாத்தனியோ? உண்மையான கார் கவிண்டு கிடக்கு. நான் எண்ணினனான். நாலு சில்லும் இருக்கு.”

அதை மட்டும் மறுபடி மண்டபத்தில் போடவேண்டும் என்று இல்லப் பொறுப்பாளரிடம் கேட்டார். “வெறும் படம்தானே, சரோ” என்றார் அவர்.

“படம்தான். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர் சாப்பிட வரப் பயப்படுகிறார்” என்று அக்கா தன் உடைந்த டேனிஷில் சொன்னார்.

அடுத்த வெள்ளி அந்த இடத்தில் படத்தை நிறுத்தினோம். அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு சில்லாக விரலால் தொட்டு டேனிஷில் எண்ணினார். நான்காவதில் ரயர் கிழிந்து தொங்கியது. சில்லு இருந்த இடத்திலேயே இருந்தது. “நான்கு” என்று ஜூலியோ தானே உரத்துச் சொன்னார். அந்த அம்மையார்தான் முதலில் கைதட்டினார். அன்றிரவு ஜூலியோ மேசைக்கு வந்து, நட்டு இறுக்குவது எப்படி என்று எல்லோருக்கும் கரண்டியால் செய்து காட்டினார்.

அக்கா அதோடு விடவில்லை. அவர் சொல்லச்சொல்ல மகள் படக் கம்பனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். பதில் வர ஐந்து மாதமானது. மன்னிப்புக் கேட்டிருந்தார்கள், இனி வரும் பிரதிகளில் அந்தப் பாத்திரத்துக்கு வேறு பெயர். கோப்பி குடிக்கும் நேரத்தில் அக்கா அதை எல்லோருக்கும் வாசித்தார். பந்தயத்தில் வென்றவர்போல ஜூலியோ இரண்டு கைகளையும் தூக்கினார். கடைசி வரை அவர் அந்த மேசையில்தான் சாப்பிட்டார்.

அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்வது, சம்பந்தப்பட்டவரிடமே முதலில் கேட்கும் அந்தப் பழக்கத்தை. செத்தவீட்டுச் சடங்குகள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, புதிதாக வந்த ஒரு மூதாட்டியின் கோப்பில் ‘யாரோடும் ஒத்துப்போகாதவர்’ என்று எழுதியிருந்தது. கோப்பை மூடிவிட்டு அவர் அருகில் போய் இருந்தேன்.

“உங்களைப் பற்றி நீங்களே சொல்லுங்களேன்” என்று டேனிஷில் கேட்டேன். அவர் தன் கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்.