கவுதியின் வயிறு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் இரண்டு மணி நேரம் காணாமல் போனாள். மத்திகிரி முழுக்க ஸ்கூட்டரில் சுற்றி, பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களையெல்லாம் விசாரித்து, தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பினால், கட்டிலுக்கு அடியில் பழைய கவுதியைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள். மறுநாள் அவளை விடுதிப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தோம். அடிக்க ஓங்கிய என் கை, கவுதியின் நடுவிலிருந்த சிவப்புச் சதுரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இதை எழுதும்போதும் அந்தச் சதுரத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கவுதி என்பது பழைய சேலைகளை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை வைத்துக் கையால் தைக்கும் போர்வை. ஓசூர்க் குளிருக்காக ஐப்பசியிலேயே தைக்க உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு எட்டு வயதானபோது இதைத் தைத்தவள் என் சித்தி. அம்மாவின் தங்கை, எங்களோடு தங்கி, தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். விடுமுறை நாளில் மொட்டைமாடியில் துண்டுகளைப் பரப்பி, என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள்.

"கண்ண சுருக்கிப் பாரு பாப்பா. எது முன்னால வந்து குதிக்குது?"

சிவப்பு என்பேன். சிவப்பு ஓரத்துக்குப் போய்விடும். அவளுடைய கிழிந்த கம்பெனிக் கோட்டின் நீலம் மஞ்சளுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். மஞ்சள், விளக்குப் போட்டதுபோல் ஆகிவிடும். நாங்கள் இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அப்பா, "ரெண்டு பேருக்கும் கண்ணாடி வாங்கணும் போல" என்பார்.

பக்கத்து வீட்டுக் கன்னடத்து அத்தை ஒரு வழக்கம் சொல்லியிருந்தார். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தைத்து வந்து, கடைசியாக நடுச் சதுரத்தை மூடுமுன் உள்ளே ஒரு துண்டு ரொட்டி வைக்க வேண்டுமாம். "கவுதி வயிறு காலியா இருந்தா போத்துறவங்களுக்குப் பசிக்கும்." வயிற்றை நிரப்பும் வேலை எனக்கு.

அதே வாரம் குந்தாரப்பள்ளியிலிருந்து சித்திக்கு ஒரு வரன் வந்தது. மாட்டு வியாபாரக் குடும்பம், சொந்த வீடு. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. "ஜாதகம் பொருந்திட்டா தை மாசமே முடிச்சிரலாம்" என்றார் அப்பா. சித்தி வெகுநேரமாக ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கியது ஒன்றுதான். சித்தி போய்விடுவாள்; மாடியில் நான் தனியாகக் கண்ணைச் சுருக்க வேண்டும்.

சித்தியின் ஜாதகம் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒற்றைத் தாள். எழுதிக் கொடுத்தவர் எப்போதோ இறந்துவிட்டார். ரொட்டித் துண்டோடு அதையும் மடித்துக் கவுதியின் வயிற்றில் வைத்துவிட்டேன்.

நடுவுக்கென்று எடுத்து வைத்திருந்த பச்சைத் துணியைப் போட்டு, சித்தி உள்ளங்கையால் நீவினாள். மொறமொறவென்றது. கை நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்தாள்.

"சிவப்பு குதிக்குமே, சித்தி?"

"குதிக்கட்டும்" என்று தைக்கத் தொடங்கினாள், எறும்பு வரிசைபோல் நெருக்க நெருக்கமாக.

ஜாதகம் வாங்க மாப்பிள்ளையின் அப்பா வந்த அன்று வீடு தலைகீழானது. அம்மா அரிசி டிரம்மையே கவிழ்த்தாள். அப்பா பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வந்தவரை உட்காரவைத்திருந்ததோ, மரியாதைக்காக விரித்த புதுக் கவுதியின் மேல். அவர் அசையும்போதெல்லாம் மொறமொற.

"என்னம்மா, அடியில ஏதோ சத்தம் போடுது?"

"கஞ்சி போட்ட துணிங்க" என்றாள் சித்தி, காபித் தட்டோடு, கண் இமைக்காமல்.

பிறந்த நேரமாவது சொல்லுங்கள் என்றார் அவர். அம்மா நெற்றியைத் தேய்த்து யோசித்தாள். "மாடு கறக்குற நேரம்னு சொல்லுவாங்க."

மாட்டு வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலைலயா, சாயங்காலமாங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா டார்ச்சைப் பார்த்தார்.

ஜாதகமே தொலைவது நல்ல சகுனமில்லை என்று முனகிக்கொண்டே அவர் எழுந்தார். கவுதி கடைசியாக ஒருமுறை மொறமொறத்தது. முதல்முறை துவைத்ததோடு அந்தச் சத்தமும் போய்விட்டது.

அவர் தெருமுனை திரும்பியதும், அடிக்கு முன்னாலேயே அழுதுவிடுவது நல்லது என்று சித்தியிடம் ஓடினேன். சமையலறையில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். திரும்பினால், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"கவுதி வயித்துல என்னா இருக்குன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாது, தெரியுதா?" என்று சொல்லி, வந்தவருக்காகக் கிண்டிய கேசரியில் தன் பங்கை முழுதாக என் தட்டில் போட்டாள். தப்புச் செய்தவளுக்கு எதற்கு இரட்டைப் பங்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. அவள் மனசு மாறுவதற்குள் அவசர அவசரமாகச் சாப்பிட்டு முடித்தேன்.