பெயர் தைத்த கோட்டு

அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி மாடிப்படி ஏறி வரும்போதே, சூடான பிளாஸ்டிக்கின் வாடை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிடும். மலேசியாவின் கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு அப்போது பதினொரு வயது. பக்கத்து ஊரான மேருவில் வாளியும் கூடையும் செய்யும் தொழிற்சாலையில் அம்மாவுக்கு வேலை. அவர் பெயர் பாக்கியம் என்றாலும், வேலைக்குப் போடும் நீலக் "கோட்டின்" முதுகில் 47 என்று அச்சிட்டிருந்ததால் உள்ளே அவர் வெறும் நாற்பத்தேழு.

அந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் "டேவான்" என்று சொல்லும் கீழ்த்தளப் பொது மண்டபத்தில் இளம் பெண் வழக்கறிஞர் ஒருவர் தொழிற்சாலைப் பெண்களைக் கூட்டி, உலகத்தார் எல்லோருக்கும் பொதுவான மனித உரிமைகள் என்று சில தாள்களைக் கொடுத்து வாசித்துக் காட்டினார். "உள்ளார்ந்த மாண்பு" என்ற சொல் வந்ததும் அம்மா கையைத் தூக்கினார்.

"மாண்புன்னா என்னம்மா? எங்க ஃபேக்டரியில அது எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க, போய்ப் பாக்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கறிஞர் சிரிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கக்கா. அங்க உங்களுக்கு எது ரொம்ப வலிக்குது?" என்று கேட்டார்.

கழிப்பறைக்குக் கை தூக்கி அனுமதி கேட்பதிலிருந்து என்னென்னவோ வந்தன. கடைசியில் எல்லோரும் வந்து நின்றது அந்த நம்பரில்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், ஓர் அட்டையில் "எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்று என்னை எழுத வைத்தார்கள். கீழே பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவள், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் யார் என்று கேட்டேன்.

"நேப்பாளி" என்றார் அம்மா.

"அவங்க பேரு என்னம்மா?"

அம்மா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். நான்கு வருடம் ஒரே மேசையருகே நின்று வேலை செய்த பெண்ணின் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "நாமளும் அந்த சூப்பர்வைசர் மாதிரிதான் இருந்திருக்கோம்" என்றார். மறுநாளே அவரிடம் மலாய் மொழியில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்: பிம்லா. அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டதால், புது அட்டை வாங்கி முழுவதையும் மறுபடி எழுதினேன்.

அதன்பிறகு உள்ளே நடந்தது அம்மா சொல்லி எனக்குத் தெரியும். சூப்பர்வைசரும் தமிழர்தான். பெண்கள் கொண்டுபோய் வைத்த அட்டையைப் பார்த்துச் சிரித்தவர், அதைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, "ஏய், நாப்பத்தேழு!" என்று கத்தினார். கைகள் வேலையை நிறுத்தவில்லை. தலைகள் திரும்பவும் இல்லை.

மூன்றாவது முறை கத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார். "காது கேக்கலையா?"

"கேக்குது அண்ணே. அந்தப் பேருல இங்க யாரும் இல்ல லா" என்றார் அம்மா.

பிம்லாவை எளிதில் மிரட்டலாம் என்று நினைத்த சூப்பர்வைசர், அவருடைய வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவதாகக் கத்திக்கொண்டு அவர் பக்கம் பாய்ந்தார். அம்மா நடுவில் போய் நின்றார். வரிசையில் இருந்த மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

"அவங்க பேரு பிம்லா. அவங்கள அனுப்புறதுன்னா எங்க எல்லார் பேரையும் சேத்து எழுதிக்குங்க. எழுதணும்னா மொதல்ல பேரு தெரியணும் இல்ல?" என்றார் அம்மா.

யாரையும் அனுப்பவில்லை. அம்மாவை மட்டும் அனல் அடிக்கும் இயந்திரத்துக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் கையில் கொப்புளத்தோடு வந்தார். போதும், விட்டுவிடு என்று அப்பா கெஞ்சியபோது, "தப்பு செஞ்சவங்க விடட்டும்" என்றார். நம்பருக்கு ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் மேலாளர் வழிக்கு வந்தார். பெயர் தைத்த கோட்டுகள் வந்தன. பிம்லாவின் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்ததால், எல்லோருமே கோட்டைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். சரியாகத் தைத்து வந்த பிறகுதான் போட்டுக்கொண்டார்கள்.

இன்று அந்தத் தொழிற்சாலை ஏதோ ஒரு கிடங்காகிவிட்டது. டேவான் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பிம்லா எப்போதோ ஊர் திரும்பிவிட்டார். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு தொழிற்சாலையின் ஊழியர் கையேடு வந்தது. வேலை நேரத்தில் ஊழியர்களை எண்ணால் மட்டுமே அழைக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி. அந்த வரியை எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

"நமக்கு எதுக்கு இது? இருக்கறத அப்படியே எழுதிக் குடுங்க லா" என்றார் என் முதலாளி.

அந்த வரிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தொழிற்சாலையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. மற்ற பக்கங்கள் எல்லாம் தமிழில் தயாராக இருக்கின்றன. அந்த ஒரு வரியை நான் எழுதப் போவதில்லை.