கயிற்றைத் தாண்டி வந்தவள்

எழுபதுகளில் ஒரு பழைய கார் வாங்கினேன். திருவொற்றியூர் வீட்டில் அதற்கான ஷெட்டுக்கு நானே குனிந்து உட்கார்ந்து மொசைக் கல் பதித்தேன். சிமெண்ட் காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாதென்று ஷெட் வாசலில் கயிறு கட்டிவிட்டுக் கை கழுவ உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் கயிறு அறுந்து கிடந்தது, கற்கள் அமுங்கியிருந்தன. ஷெட்டின் திறந்த மறுகோடியில், கொல்லைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம், தெருவில் மீன் விற்கும் அம்மாள் முதுகைக் காட்டி நின்றாள்.

“கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?” என்று கத்தினேன்.

திரும்பினாள். அவள் இடுப்பில் என் இரண்டு வயது மகள், தண்ணீர் சொட்டச் சொட்ட இருமிக்கொண்டிருந்தாள்.

“தொட்டில வுய்ந்துட்ச்சு நைனா. ரோட்லேர்ந்து பாத்தேன், சுத்திகினு வர நேரமில்ல. கல்லு போச்சேன்னு கோச்சுக்காத.”

குழந்தையை வாங்கப் போனேன். அப்போதும் என் கால்கள் கல்லை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தன. அதை அவளும் பார்த்தாள்.