மணிக்கு ஒன்றேகால்

1991 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. நான்காம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் அன்று கணக்கு என்பதால் தேதி மறக்கவில்லை. வழக்கம்போல ஆறு மணிக்கு அப்பா எட்டு வாடகை சைக்கிள்களையும் துடைத்து, காற்றடித்து, கடை வாசலில் வரிசையாக நிறுத்தினார். பலகையில் வாடகையை எழுதுவது என் வேலை. வீட்டில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். "மணிக்கு ஒரு ரூபாய்" என்று எழுதப் போனவளை நிறுத்தி, "ஒன்னேகால்னு எழுது" என்றார். டயர், டியூப் விலை ஏறியிருந்தது.

திருமானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சைக்கிள் கடை மூன்று. எதிர்க்கடை என் தாய்மாமாவுடையது. ஒரு கல்யாணத்தில் யாருக்கு முதல் மாலை என்று வந்த சண்டையில், அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம். மூன்றாவது கடைக்காரர் இந்த இரண்டு பலகைகளையும் பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதை எழுதுவார்.

மாமாவின் பலகையில் ஒரு ரூபாய் அப்படியே இருந்தது. தினமும் எங்கள் சைக்கிளில் டின்னைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக முறுக்கு விற்கப் போகிறவர், "என்னண்ணே, இன்னிக்கி ஒங்க சைக்கிளு பறக்குமா?" என்று சிரித்தார். எனக்கு வழக்கமான உடைந்த முறுக்கைக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார். பரீட்சை முடிந்து நான் வந்தபோதும் எட்டு சைக்கிளும் நின்றன.

"பழையபடியே எழுதித் தொலைங்களேன்" என்றாள் அம்மா.

"கொறைச்சா ஒங்கண்ணன் ஒடனே கொறைப்பான். ஏத்துனா மட்டும் கண்ணு தெரியாது அவனுக்கு. இன்னும் நாலு நாளு இப்படியே போனா, எல்லாத்தையும் பழைய இரும்புக்குத்தான் போடணும்."

சாயங்காலம் மாமா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "பாப்பா, காலைல வந்து எம் பலகையிலயும் எழுதிக் குடுத்துட்டுப் போ."

"என்ன மாமா எழுதணும்?"

"ஒங்கப்பன் என்ன எழுதுறானோ, அதையே எழுது."

ஓடிவந்து சொன்னேன். "அழகா எழுதிக் குடு" என்று மட்டும் சொன்னார் அப்பா. சண்டை முடிந்துவிட்டது, மாமா சாப்பிட வருவார் என்று நினைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக இரண்டு பலகைகளிலும் ஒன்றேகால் என்று எழுதினேன். மூன்றாவது கடையிலும் அதுவே ஏறியது. முறுக்குக்காரர் வந்து மூன்றையும் ஒருமுறை பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல், டின்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். உடைந்த முறுக்கைத் தராமல் போகிறாரே என்று எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.