முழுக்கைச் சட்டை

தெருவில் எல்லாருக்கும் அவள் இஸ்திரி அக்கா. துணியில் சுருக்கத்தைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. பேருந்தில் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் காலரை நீவிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். புருஷனோடு வாழ்வு சரிப்படாமல் திரும்பி வந்து, தம்பி வீட்டு முன்னறையில் இஸ்திரி மேசையைப் போட்டுப் பிழைத்தாள்.

தம்பி பெண்டாட்டி கண்ணை மூடியதும் தம்பி குடியில் இறங்கினான். குடித்தால் அவன் கை நீளும். எட்டு வயது மகள்தான் அந்தக் கைக்கு எட்டும். அக்கா குறுக்கே போனால் அவளுக்கும் சேர்த்து விழும்.

ஒரு காலை, பாப்பாவால் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. அன்றைக்கு அக்கா, துணி வாங்க வந்த நர்ஸம்மாவின் போனிலேயே குழந்தைகள் நல அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"உங்க பேரென்னம்மா?"

"இஸ்திரி அக்கான்னு கேளுங்க, தெரு நாய் கூட வழி காட்டும்."

"அடிக்கிறது யாரு?"

அதற்குத்தான் வாய் எழவில்லை. இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி அல்லவா? "என் கூடப் பொறந்தவன்தாம்மா. யாராவது வந்து மிரட்டிட்டுப் போனா அடங்கிடுவான்."

"நாளைக்கு வந்து பாக்குறோம்."

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றதும் அவள் கை பரபரத்தது. தரையைத் துடைத்தாள், காலிப் பாட்டில்களைக் கடாசினாள். பாப்பாவைக் குளிப்பாட்டி, முழுக்கைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்து மாட்டி, மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டுவிட்டாள். காயத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காயத்தை மூடிவைத்துக் காத்திருந்தாள், பாவி.

அதிகாரியம்மா வந்தபோது தம்பி குடித்திருக்கவில்லை. "வாங்க மேடம், உக்காருங்க. அக்கா, ஃபேனைப் போடு." சும்மா சொல்லக் கூடாது, குடிக்காத நேரத்தில் அவன் தங்கம்.

அதிகாரியம்மா பாப்பாவை உள்ளறைக்குக் கூட்டிப் போனார். அத்தை கை பிடித்தால்தான் வருவேன் என்றதால் அக்காவும் போனாள்.

"வீட்டுல யாராவது அடிக்கிறாங்களாம்மா?"

பாப்பா அத்தை முகத்தைப் பார்த்தது. வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்று அத்தை சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. "இல்ல" என்றது.

அதிகாரியம்மா சுத்தமான அறையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், பையை எடுத்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்" என்றாள் அக்கா. "அடிக்கிறது நெசம்னு தெரிஞ்சா, பாப்பாவ என்கிட்டயே விடுவீங்களா?"

"நீங்களும் அவரும் ஒரே வீடுதானே? அப்ப விட முடியாதும்மா. காப்பகத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவோம்."

அக்கா பாப்பா பக்கம் குனிந்தாள். பிறகு பாப்பாவின் பொத்தானைக் கழற்றினாள்.

"வேணாம் அத்தை."

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். மேலே போகப் போக நீலம், கருப்பு, பழைய மஞ்சள். அதிகாரியம்மா பையைக் கீழே வைத்தார்.

காப்பகத்து வண்டி வந்தபோது தம்பி வாசலில் உட்கார்ந்து அழுதான். "கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே அக்கா!"

"ஆமாண்டா, பறிச்சேன். இன்னொரு தடவை வந்தாலும் பறிப்பேன்."

பாப்பா வண்டியில் ஏறித் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே தம்பி மேசையைத் தெருவில் தூக்கிப் போட்டான். இப்போது அது நர்ஸம்மா வீட்டுக் கார் ஷெட்டில் கிடக்கிறது, அக்காவும் அங்கேதான். தனி அறை பார்த்துக்கொண்டு வந்தால் பாப்பாவைத் தருவது பற்றி யோசிக்கலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். தேடுகிறாள். தனிப் பொம்பளைக்கு யார் வீடு கொடுக்கிறார்கள்?

மாதம் ஒரு முறை காப்பகத்துக்குப் போகிறாள். பாப்பா அளவு சேராத அரைக்கைச் சட்டையில் வந்து எதிரே உட்காருகிறது. காலர் கசங்கிக் கிடக்கிறது. அக்காவின் கை தானாக நீளும்.

"விடு அத்தை."

விட்டுவிடுகிறாள். மணி அடிக்கும்வரை பாப்பாவின் இரண்டு கைகளையும் மேலும் கீழும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தழும்புகூடப் புதிதாக இல்லை.