ஸ்கேனருக்கு வைத்த பொட்டு

எத்திராஜுக்குத் தூசி ஆகாது. அதனால்தான் அவரைப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் அடைந்துகிடந்த அறைக்குத் தினக்கூலி உதவியாளராகப் போட்டார்கள். ஆளறிந்து வேலை கொடுக்க அரசாங்கத்துக்குத் தெரியாதா என்ன? திருவொற்றியூரில் அந்த அறைக்குள் தும்மித் தும்மியே அவருக்குத் தலை நரைத்தது.

2003இல் வேலை நிரந்தரமாகும் என்று உத்தரவு வந்தது. பிறந்த தேதிக்குச் சான்று மட்டும் வேண்டும். அவருடைய பதிவு அதே அறையின் மேல்தட்டில்தான் இருந்தது. ஏணி போட்டு எடுத்திருந்தால் தீர்ந்தது.

"அல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறப்போவுது, அப்பால எடுத்துக்கலாம். எவன் தும்முவான்?" என்று இருந்துவிட்டார்.

ஸ்கேனர் வந்தது, கூடவே ஆயுதபூஜையும் வந்தது. நாற்காலி, பீரோ, தண்ணீர்ப் பானை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த எத்திராஜ், ஸ்கேனரின் மூடியைத் திறந்தார். கண்ணாடிதான் அதன் முகம் என்று முடிவுசெய்து, நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். பக்தியில் அவருக்குச் சிக்கனம் கிடையாது.

ஸ்கேன் எடுக்க வந்த சௌமியா பதறினாள். "இன்னாண்ணே இது? ஒவ்வொரு பக்கத்துலயும் நடுவால கீற பேரு மேல கருப்பா வுழுது. தொடச்சிடவா?"

"சாமி பொட்டும்மா, கை வைக்காத! பக்கத்துக்கு ஒர்த்தர் பேருதானே போவுது? ஊரா முழுவிடும்?"

அதிகாரிக்கும் சாமி பயம் உண்டு. அதைவிட, வேலையை முடிக்கச் சொன்ன கெடுவின் பயம் அதிகம். சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார். ஸ்கேன் வேலை முடிந்ததென்று அவருக்குப் பொன்னாடை போர்த்தி விழா எடுத்தார்கள். இனி எதற்கு என்று பழைய பதிவேடுகளைக் காகித ஆலைக்கு அனுப்பினார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு லாரியில் ஏற்றியவர் எத்திராஜ். வாழ்நாளில் அவர் அவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்ததே இல்லை.

சான்றுக்குக் கடைசி நாள் நெருங்கியதும் எத்திராஜ் சௌமியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்பா பேரு கிருஷ்ணப்பன். எதிர்வூட்டு கன்னியம்மாவும் நானும் ஒரே நாள்ல பொறந்தோம்மா."

கம்ப்யூட்டரில் பக்கம் கிடைத்தது. கன்னியம்மா பளிச்சென்று இருந்தாள். அவளுக்கு அடுத்து, பக்கத்தின் நடுவில், கருப்பாக ஒரு வட்டம்.

எத்திராஜ் எழுந்து ஓடினார். ஸ்கேனரைத் திறந்து, காய்ந்துபோன பொட்டைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். சாமி ஞாபகமே வரவில்லை.

"இதே மாதிரி நடுவுல மாட்னவங்க இன்னாம்மா பண்ணுவாங்க?"

சௌமியா ஜன்னலைக் காட்டினாள். "வெளிய கியூவுல நிக்கிறாங்க பாருங்க. தெனம் நாளைக்கி வா, நாளைக்கி வான்னு நீங்கதானேண்ணே தொரத்திகினு கீறீங்க?"