எலும்புச் சில்லுக்கு அடியில்

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால் எழுந்து போகிறவன் நான். நிலக்கரி மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்ப் பார்க்கிற வேலை, எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று பழகிய புத்தி. இதைப் படித்து நீங்கள் சிரித்தாலும் வருத்தமில்லை, நான் பார்த்தது பார்த்ததுதான்.

மகள் தர்ஷினி பிளஸ் டூ படிக்கிறாள். கோ-கோ ஆடும்போது கால் மடங்கி விழுந்தாள். முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுபடவில்லை, தான் ஒட்டியிருந்த எலும்பையே ஒரு சில்லாகப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது என்றார் பாண்டிச்சேரி டாக்டர். பெரிதாகக் கிழிக்க வேண்டாம், இரண்டு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, எக்ஸ்ரேயிலும் பார்த்துப் பார்த்து அந்தச் சில்லை இடத்தில் வைத்துக் கட்டிவிடலாம் என்றார். அவள் மறுபடி ஓடுவாளா என்பது ஒன்றுதான் எங்கள் கவலை.

அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம், ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து அறை டிவியில் வீட்டாருக்குக் காட்டுவார்கள். "என்னால ஆவாதுங்க, நீங்களே போயி பாருங்க. தல சுத்துனா ஒக்காந்துடுங்க," என்றாள் மனைவி. நான் போனேன்.

திரையில் இளந்தேங்காய் வழுக்கை மாதிரி வெள்ளைச் சதை, தண்ணீரில் மிதக்கும் நூல் நூலான பிசிறுகள். பெற்ற பிள்ளையின் உடம்பு என்று தெரிந்தும் முகத்தைச் சுளித்தேன். ஒரு கொக்கி எலும்புச் சில்லைத் தூக்கியது. அடியில் பழுப்பாக ஒரு குழி. நம்பினால் நம்புங்கள், அந்தக் குழியில் வெளுத்த, கண்ணில்லாத ஒன்று, அழுகின பலாச்சுளைப் புழு போல, உடம்பைச் சுருக்கிக்கொண்டு மெதுவாக உள்ளே போனது. ஓடிப்போய் ஆபரேஷன் அறைக் கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை. திரும்பி வந்து திரையைப் பார்த்தால், சில்லை அதன்மேல் மூடி போல வைத்து நூலால் இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரிடம் கேட்டேன். "ரத்தக்கட்டி சார். உள்ள தண்ணி அடிக்கறப்ப அப்படித்தான் ஆடும். நீங்க மொதல்ல ஏதாவது சாப்பிடுங்க," என்று சிரித்தார். பதிவைப் பென் டிரைவில் தந்தார். எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். குழி சுத்தமாக இருக்கிறது. அவர் சொன்ன ரத்தக்கட்டிகூட அதில் இல்லை.

பார்த்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சியை மனைவிதான் கொடுத்தாள், எனக்கு அந்தக் காலைத் தொடவே அருவருப்பாக இருந்தது. ஒருநாள் அவள் பஜாருக்குப் போயிருந்தாள். தர்ஷினி காலைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"இன்னிக்கி நீதாம்பா. பயப்படாத, கடிக்காது."

மடக்கினேன். உள்ளங்கைக்கு அடியில், தோலுக்குள், ஏதோ புரண்டு படுத்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசையுதில்ல? டாக்டர்கிட்ட சொல்லிடாதப்பா, எடுத்துடுவாங்க. அது இருக்கறதாலதான் எனக்கு வலிக்கல."

இப்போது ஓடுகிறாள், முன்பைவிட வேகமாக. எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நன்றி சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மைதானத்திலிருந்து வந்து உட்கார்ந்ததும் அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முட்டியின் மேல் கைவைத்து, அது அடங்கும்வரை மெல்லத் தட்டிக்கொடுக்கிறாள்.